1986 புல்லட் ஃப்ரேமில் கரிஸ்மா இன்ஜின் உட்காருமா?

சென்டர்ஸ்டாண்ட் (பொள்ளாச்சி):

அண்ணன்மார்களுக்கு வணக்கம். அப்பாவின் 1986 புல்லட் 350 எங்கள் தேங்காய்க் களத்துக் கொட்டகையில் நாலு வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. அண்ணன் ஒருநாள் ஆயில் பார்க்காமல் வால்பாறைக்கு விரட்டிக்கொண்டு போனான். பாதி மலையில் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு உடைந்து, இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. ஓட்டைக்குள் என் இரண்டு விரல் போகும். இங்கே ஒரு மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மாலை போட்ரலாம் தம்பி" என்றார்.

ஃப்ரேம், ஃபோர்க், சக்கரங்கள், டேங்க் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. டேங்கின் பின்பக்கம் அப்பாவின் பெல்ட் பக்கிள் உரசிப் பெயின்ட் போன இடம் அப்படியே இருக்கிறது. அதைத் தொட மாட்டேன்.

போன மாசம் கோயம்புத்தூர் உக்கடத்தில் ஒரு ஹீரோ ஹோண்டா கரிஸ்மா இன்ஜின் கிடைத்தது. பழைய மாடல், 223 சிசி, கார்புரேட்டரோடு 14,000 ரூபாய். முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஏறும் பல்சக்கரம்) இல்லை, வெறும் தண்டுதான் நீட்டிக்கொண்டிருக்கிறது. வயரிங்கைப் பாதியில் வெட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் பேட்டரி வைத்துச் செல்ஃப் அடித்துக் காட்டினார், நன்றாகச் சுற்றுகிறது.

என் கணக்கு இதுதான். புல்லட் 18 குதிரை, கரிஸ்மா 17 குதிரை. ஏறக்குறைய சமம், அதனால் ஃப்ரேம் தாங்கும். செயின் இரண்டிலும் இடது பக்கம். அப்புறம் டீசல் புல்லட் டாரஸில் இருந்ததே கிரீவ்ஸ் லொம்பார்டினி இன்ஜின்தானே? கம்பெனியே வேறு கம்பெனி இன்ஜினை வைத்திருக்கும்போது நான் வைத்தால் என்ன?

டவுன் ட்யூபின் (ஃப்ரேமில் முன்னால் இறங்கும் குழாய்) அடியில் பட்டை வைத்து வெல்டிங் அடித்தால் போதுமா? முன் ஸ்ப்ராக்கெட்டுக்கு என்ன செய்வது? பொங்கலுக்கு ஊரில் ஒரு சுற்றாவது ஓட்டிக் காட்ட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

ஃபுல்த்ராட்டில்:

செம ஐடியா ப்ரோ! ஆனால் கரிஸ்மா எதற்கு? விழுந்து அடிபட்ட 390 டியூக் இன்ஜின் தேடுங்க. 43 குதிரை. ஃப்ரேமை நடுவில் அறுத்து, சப்ஃப்ரேம் மாற்றி, பின்னால் 150 டயர் போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். படம் போடுங்க!

ஒண்டிப்புதூர் லேத்து:

தம்பி, மேலே சொன்னவர் சந்தோஷமாக இருக்கட்டும். 43 குதிரையை 1950களில் வரைந்த ஃப்ரேமில் கட்டினால் தெரு திரும்பிப் பார்க்கும் என்பது உண்மைதான், பார்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் அடிக்கும். டிரம் பிரேக் நிறுத்தாது. அதோடு ரேடியேட்டர், ஃப்யூல் பம்ப், ஈசியு என்ற குட்டிக் கம்ப்யூட்டர், அத்தனை சென்சார். ஒரு வயர் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் உம்மென்று உட்கார்ந்துகொள்ளும். நீ எடுத்தது கார்புரேட்டர் இன்ஜின். அந்த மட்டில் தப்பித்தாய்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாரோ பெரியவர் எரிச்சலில் பேசுகிறார் என்று நினைப்பாய். முப்பத்தோரு வருஷமாகக் கடைசல் பட்டறை. பம்ப் ஷாஃப்டுதான் சோறு. வண்டி வேலை ஞாயிற்றுக்கிழமை மட்டும். 2004இல் ஒரு யெஸ்டி ஃப்ரேமில் பல்சர் 180 இன்ஜினை வைத்தேன். மைசூர் ஆலை 1996இல் மூடியபின் யெஸ்டிக்குச் சாமான் கிடைக்காமல் திண்டாடிய காலம். உன்னைப் போலத்தான் நானும் குதிரைக் கணக்குப் போட்டேன், சரியாகத்தான் வந்தது. வண்டியும் ஓடியது. பதினேழு நாள் ஓடியது.

அந்தப் பதினேழாம் நாளைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உன் ஃப்ரேம்.

கொட்டகைக்குப் போய் புல்லட்டின் அடியில் குனிந்து பார். முன்னால் ஒற்றைக் குழாய் இறங்கி வந்து அப்படியே நின்றுவிடும். அதற்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. அந்தக் காலியான இடத்தில் கிராங்க்கேஸும் கியர்பாக்ஸும் அவற்றின் தட்டுகளும்தான் பாலம். இன்ஜினே ஃப்ரேமின் ஒரு எலும்பு. இப்போது இன்ஜினைக் கழற்றி வைத்திருக்கிறாய் அல்லவா, முன்சக்கரத்தைப் பிடித்து அசைத்துப் பார், முழு ஃப்ரேமும் லேசாகத் துள்ளும். "டவுன் ட்யூபில் ஒரு பட்டை" வைத்தால் எடை தொங்கும், அவ்வளவுதான். வளைவில் திரும்பும்போது ஃப்ரேம் கயிற்றுக் கட்டில் மாதிரி முறுக்கிக்கொள்ளும்.

உனக்கு வேண்டியது தொட்டில். முன்குழாயின் அடியில் பழைய இன்ஜின் போல்ட் ஓட்டைகள் இருக்கின்றன. அங்கே இரண்டு பக்கமும் 8 மி.மீ. தகடு. அங்கிருந்து இரண்டு சீம்லெஸ் பைப், 25 மி.மீ. விட்டம், 3 மி.மீ. கனம், இன்ஜினுக்கு அடியில் பின்னோக்கி ஓடி, கியர்பாக்ஸ் தட்டு பூட்டிய பழைய ஓட்டைகளில் போய்ச் சேர வேண்டும். இன்ஜின் தொட்டிலுக்குள் உட்காரும். தலையில் ஒரு பிடி தனியாக. வெல்டிங் எல்லாம் தொட்டிலில் மட்டும். ஃப்ரேமில் ஒரு பொட்டு வெல்டிங் கூட வைக்காதே. ஒன்று, சூட்டில் அந்தப் பழைய குழாய் எந்தப் பக்கம் இழுக்கும் என்று எவனுக்கும் தெரியாது. இரண்டு, நாளைக்கே மனசு மாறி அப்பாவின் இன்ஜினைத் திரும்ப வைக்க நினைத்தால் ஒரு மாலையில் வைத்துவிடலாம்.

ஓட்டைகளை ட்ரில்லில் கண்மதிப்பாகப் போடாதே. போல்ட் ஒரு முடி அளவு தளர்வாக நின்றாலும் ஒரே மாதத்தில் ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். ஒற்றை சிலிண்டரின் அதிர்வுக்கு ஈவிரக்கம் கிடையாது.

முதலில் இரும்பை வாங்காதே. முக்கால் அங்குலப் பலகையில் தகட்டின் வடிவத்தை வெட்டி, இன்ஜினைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை மாட்டி, செயின் கோடு பார்த்துவிட்டு எனக்கு எழுது. முன் ஸ்ப்ராக்கெட் பின் ஸ்ப்ராக்கெட்டைவிட எத்தனை மி.மீ. உள்ளே அல்லது வெளியே நிற்கிறது? அந்த ஒரு எண் தெரியாமல் மேற்கொண்டு பேசுவது வீண்.

காகிதம்முதலில் (சேலம்):

லேத்து அண்ணன் இரும்பைச் சொல்லிவிட்டார். நான் ஆர்.சி. புத்தகத்தைச் சொல்கிறேன். எரிச்சலாகத்தான் இருக்கும், இருந்தாலும் படித்துவிடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களிலிருந்து மாறுகிற மாதிரி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்தச் சட்டத்தில் 182ஏ வந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

உங்கள் டாரஸ் வாதம் அங்கே எடுபடாது. அந்த டீசல் இன்ஜினை வைத்தது தயாரிப்பாளர். அந்த 325 சிசி இன்ஜினோடு முழு வண்டியாகவே அங்கீகாரம் வாங்கி விற்றார்கள், ஆர்.சி.யிலும் அப்படியே ஏறியது. உங்கள் ஆர்.சி.யில் ஏறியிருப்பது 346 சிசி பெட்ரோல், ஒரு குறிப்பிட்ட இன்ஜின் நம்பர்.

1986 வண்டி என்றால் பதினைந்து வருஷம் தாண்டி, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய வண்டி. ஆய்வாளர் முன்னால் நிறுத்தினால் சேஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சில் தேய்த்து எடுப்பார்கள், இன்ஜின் நம்பரையும் ஒத்துப் பார்ப்பார்கள். அன்றைக்கே மாட்டும். அன்று தப்பித்தாலும், ரோட்டில் யார் மேலாவது இடித்துவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அந்த நம்பரைத்தான்.

ஒரு கேள்வி. உக்கடத்தில் ரசீது வாங்கினீர்களா? அந்த இன்ஜின் நம்பர் எந்த வண்டியுடையது என்று தெரியுமா? காயலான் கடைக்கு வருகிற எல்லா இன்ஜினும் நேர்வழியில் வந்தது கிடையாது.

சென்டர்ஸ்டாண்ட் (பொள்ளாச்சி):

அண்ணா, ரசீது வாங்கவில்லை. நேற்று திரும்பப் போனேன். கடைக்காரர் முதலில் முறைத்தார், அப்புறம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து நோட்டைப் புரட்டினார். இன்சூரன்ஸ் கம்பெனி ஏலத்தில் எடுத்த விபத்து வண்டியாம். ஏலக் காகிதத்தின் நகலும் கையெழுத்துப் போட்ட ரசீதும் கொடுத்துவிட்டார். நம்பர் ஒத்துப் போகிறது. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை, இன்று தூங்குவேன்.

ஆனால் சட்ட விஷயம் வயிற்றைக் கலக்குகிறது. ரோட்டில் ஓட்டவே முடியாதென்றால் இந்த வேலையை எதற்குச் செய்வது?

லேத்து அண்ணனுக்கு: முன்சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே துள்ளியது. இத்தனை வருஷம் அந்த வண்டியில் உட்கார்ந்து போயிருக்கிறேன், இன்ஜின்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாது.

பலகையில் வெட்டி நிறுத்திவிட்டேன், படம் இணைத்திருக்கிறேன். பின்னால் தெரிவது அம்மாவின் அரிசி டப்பா, உயரம் பற்றாததால் முட்டுக் கொடுத்தேன். முன் ஸ்ப்ராக்கெட் இல்லாததால் தண்டின் பல் நடுவை வைத்து அளந்தேன். பின் ஸ்ப்ராக்கெட்டைவிட 11 மி.மீ. உள்ளே இருக்கிறது. அளந்தது ஸ்கூல் ஸ்கேல்தான்.

பழையசைலன்சர் (மதுரை):

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இதற்கெல்லாம் பெரியப்பன் ஒருவன் இருக்கிறான், ட்ரைட்டன். ட்ரையம்ப் இன்ஜின், நார்ட்டன் ஃப்ரேம். பெல்ஃபாஸ்ட்டின் மெக்கேண்ட்லெஸ் சகோதரர்கள் வடிவமைத்து 1950இல் ரேஸுக்கு வந்த ஃபெதர்பெட் ஃப்ரேம் திருப்பத்தில் அப்படி ஒட்டிக்கொண்டு போகும். இன்ஜின் என்று பார்த்தால் ட்ரையம்ப் ட்வின் மலிவு, சக்தி கூட்டவும் எளிது. இரண்டையும் சேர்த்தார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பின்னால் உள்ள கதை. அப்போது இங்கிலாந்தில் 500 சிசி ஃபார்முலா 3 குட்டிக் கார் பந்தயம் சக்கைப்போடு போட்டது. அதற்கு நார்ட்டன் மேங்க்ஸ் இன்ஜின் வேண்டும், கம்பெனி இன்ஜினைத் தனியாக விற்காது. கார்க்காரர்கள் முழு பைக்கை வாங்கி இன்ஜினை மட்டும் உருவிக்கொண்டார்கள். இன்ஜின் இல்லாத நல்ல ஃப்ரேம்கள் மிஞ்சின. வேறு இன்ஜின் வைக்காமல் அவற்றை என்ன செய்வது? தம்பியின் கொட்டகையிலும் அதே நிலைமைதான், அங்கே கார்க்காரன், இங்கே அண்ணன்.

ஆனாலும் ஒரு வார்த்தை. புல்லட்டில் அந்தத் தட் தட் இல்லாமல் கரிஸ்மா சத்தம் வந்தால் உங்கள் அப்பா மேலே இருந்து பார்த்தால் என்ன நினைப்பார்?

சென்டர்ஸ்டாண்ட் (பொள்ளாச்சி):

அப்பா மேலே எல்லாம் போகவில்லை அண்ணா, திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். முட்டிவலி, அதனால் ஓட்டுவதில்லை. கேட்டேன். "ஓடுனா சரி" என்றார்.

பழையசைலன்சர் (மதுரை):

ஐயோ. நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஒண்டிப்புதூர் லேத்து:

நேற்று இதைப் படித்துவிட்டுப் பட்டறையில் சத்தம் போட்டுச் சிரித்தேன், பையன்கள் பயந்துவிட்டார்கள்.

சரி, 11 மி.மீ. தம்பி, ஸ்கூல் ஸ்கேலைத் தூக்கி எறி. பின் ஸ்ப்ராக்கெட்டின் முகத்தில் ஆறடி அலுமினிய ஜன்னல் செக்‌ஷன் ஒன்றை ஒட்ட வைத்து முன்னால் நீட்டு. அங்கிருந்து தண்டு வரை வெர்னியரில் அள. அதற்கு முன் பின்சக்கரம் ஃபோர்க்கின் நடுவில் நேராக நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்துக்கொள். சக்கரம் கோணலாக இருந்தால் நீ அளப்பதெல்லாம் பொய். 11 என்பது 9 ஆகலாம், 13 ஆகலாம். இப்போதைக்கு 11 என்றே வைத்துப் பேசுவோம்.

இதை மூன்று விதமாகத் தீர்க்கலாம். இன்ஜினை முழுசாக இடப்பக்கம் 11 மி.மீ. தள்ளலாம். எடை நடுவிலிருந்து விலகினாலும் ஓட்டும்போது தெரியாது, ஆனால் கேஸ் மூடியும் கியர் லீவரும் காலில் இடிக்கும். இன்ஜினை நடுவில் வைத்துவிட்டு, முன் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் வெளியே தள்ளிக் கடையலாம். அப்படிச் செய்தால் செயினின் இழுப்பு பேரிங்கைவிட்டு இன்னும் 11 மி.மீ. தள்ளி விழும், தண்டு பேரிங் சீக்கிரம் போகும். நான் செய்வதென்றால் இன்ஜினை 5 தள்ளுவேன், மீதி 6ஐ ஸ்ப்ராக்கெட்டில் எடுப்பேன்.

இப்போது என் பதினேழாம் நாள். அந்த யெஸ்டி வேலையில் 7 மி.மீ. வித்தியாசம் வந்தது. நான் பல்சரின் முன் ஸ்ப்ராக்கெட்டை எடுத்து, பல்லைக் கடைந்து தள்ளி, தண்டில் ஏறும் நடு மொட்டுப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதன்மேல் வேறு ஒரு பல் வளையத்தை 7 மி.மீ. தள்ளி வெல்டிங் அடித்தேன். டயல் வைத்துப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. எனக்கே பெருமை. கடினப்படுத்திய எஃகில் முன்சூடு கொடுக்காமல் வெல்டு வைத்தால் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும் என்பது அப்போதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அவசரம், சாயங்காலத்துக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். சூலூர் தாண்டிப் பல்லடம் ரோட்டில், அறுபதில் போகும்போது வளையம் கழன்றது. செயின் தண்டில் சுருண்டு கேஸின் பின்பக்கத்தைக் குத்திக் கிழித்துவிட்டது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு நாற்பது அடி இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தடியில் நின்றது. விழவில்லை. கீழே இறங்கி நின்றபோது ஆயில் செருப்பு வழியாக விரலிடுக்கில் சூடாக இறங்கியது, அது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் உனக்கு ஒரே துண்டு ஸ்ப்ராக்கெட். இஎன்8 எஃகுக் கட்டையில் கடைந்து, 6 மி.மீ. தள்ளிய மொட்டோடு பல் வெட்டி, நடு ஸ்ப்லைனை (தண்டின் பல்லைக் கவ்வும் உள்பல்) மின்கம்பியால் அறுக்கும் ஒயர் கட்டில் எடுத்து, பல்லின் நுனி தேயாமல் இருக்க அதற்கு மட்டும் இண்டக்‌ஷன் ஹார்டனிங். கோயம்புத்தூரில் ஒயர் கட் மெஷினுக்கா பஞ்சம், தெருவுக்கு ஒன்று இருக்கிறது. இன்ஜினைக் கொண்டு வந்தால் ஸ்ப்லைனை நானே அளந்து கொடுக்கிறேன்.

எந்தச் செயின் என்று கேட்பாய். உன் புல்லட் டிரம்மில் பின் ஸ்ப்ராக்கெட் டிரம்மோடு சேர்ந்தே வார்த்தது, 38 பல். அதைக் கழற்ற முடியாது. ஆகையால் முன்னால் வருவதும் அதே பிட்சில் (பல்லுக்குப் பல் இடைவெளி) இருக்க வேண்டும், எட்டில் ஐந்து அங்குலம், அதாவது 15.875 மி.மீ. கடையில் 520, 530 என்று வருபவை எல்லாம் இந்தப் பிட்ச்தான், அகலம் மட்டும் மாறும். 428 என்றால் அரை அங்குலம், அது உன் பின்பல்லில் ஏறவே ஏறாது.

எத்தனை பல்? தெரிந்த மெக்கானிக்கிடம் நிற்கும் ஏதாவது ஒரு கரிஸ்மாவில் பின்பல்லை முன்பல்லால் வகுத்துப் பார். மூன்றுக்கு அக்கம்பக்கம் வந்தால் உனக்கு முன்னால் 13 பல் போதும், 38ஐ 13ஆல் வகுத்தால் 2.92. சக்கரம் மாறுகிறதே என்று கவலைப்படாதே. கரிஸ்மாவின் 18 அங்குல ரிம்மில் 100/90 டயர், உன் 19 அங்குல ரிம்மில் 3.25 டயர். கணக்குப் போட்டால் உயரம் 637க்கு 648 மி.மீ. இரண்டு சதவீதம் கூட இல்லை.

அப்புறம் கால் விஷயம், இதைப் பாதிப் பேர் கடைசியில்தான் கவனிப்பார்கள். உன் வண்டியில் கியர் வலது, பிரேக் இடது. கரிஸ்மாவில் கியர் இடது. ஆக பிரேக் பெடல் வலது பக்கம் போக வேண்டும், ஆனால் பின் டிரம் இடது பக்கமே இருக்கிறது. பிற்காலத்து இடது கியர் புல்லட்டுகளில் பெடலிலிருந்து குறுக்கே ஒரு தண்டு ஓடி இந்தப் பக்கம் வரும். அந்த செட்டைப் பழைய சாமான் கடையில் தேடு, தொட்டில் தகட்டிலேயே அதற்குப் புஷ் போட்டுவிடலாம்.

வயரிங்கைப் பழையதோடு ஒட்டுப் போடாதே. கரிஸ்மாவின் முழு கிட், சிடிஐ (தீப்பொறியை நேரம் பார்த்துக் கொடுக்கும் பெட்டி), காயில், ரெகுலேட்டர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து எடு. கார்புரேட்டர் வேக்கம் வகை, ஏர்பாக்ஸ் (காற்று வடிகட்டிப் பெட்டி) இல்லாமல் திறந்துவிட்டால் நடு ஆர்.பி.எம்மில் ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுக்கும். பக்கப் பெட்டிக்குள் ஏர்பாக்ஸை அடைக்க இடம் இருக்கிறதா என்று இப்போதே பார்.

குதிரைக் கணக்கு பற்றியும் ஒன்று. 17ம் 18ம் பக்கத்துப் பக்கத்து எண்தான், ஆனால் புல்லட் அதைக் கீழேயே கொடுக்கும், கரிஸ்மா 7000 ஆர்.பி.எம்மில் கொடுக்கும். மூன்றாம் கியரில் மெதுவாக உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிற சுகம் இதில் கிடையாது. முறுக்கினால்தான் போகும். அப்பாவைப் பின்னால் உட்கார வைத்தால் அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

எதற்குச் செய்வது என்று கேட்டாயே. காகிதம்முதலில் தம்பி சொன்னது அத்தனையும் நிஜம். ரோட்டில் ஓட்டாதே. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் ட்ராக் இருக்கிறது, 2.1 கி.மீ., ட்ராக்குக்கு ஆர்.சி. தேவையில்லை, செக்கிங் மட்டும் உண்டு. அந்த ட்ராக்குக்குப் பெயர் வந்த கரிவர்தன் யார் தெரியுமா? மாருதி 800 இன்ஜினை எடுத்து, தானே செய்த ஃப்ரேமில் வைத்து, ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டிய நம்ம ஊர்க்காரர். ஃபார்முலா மாருதி. எத்தனையோ பையன்கள் ரேஸ் கற்றுக்கொண்டது அந்த அடுத்த கம்பெனி இன்ஜினில்தான். ட்ரைட்டனை மதுரைக்காரர் சொன்னார், நான் இதைச் சொல்லாவிட்டால் ஊரில் சேர்க்க மாட்டார்கள்.

காகிதம்முதலில் (சேலம்):

ஒன்று சேர்க்கிறேன். பழைய இன்ஜினை இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஆர்.சி.யில் இருக்கும் நம்பர் குத்தியிருப்பது அந்த உடைந்த கிராங்க்கேஸில்தான். அது போனால் வண்டிக்கு ரோட்டில் ஓடும் வழியே அடைபட்டுப் போகும். வேறு கேஸ் வாங்கிப் போட்டால் நம்பர் மாறும், அதற்குத் தனியாக ஆர்.டி.ஓ. அனுமதிக்கு அலைய வேண்டும்.

சென்டர்ஸ்டாண்ட் (பொள்ளாச்சி):

ஐயோ, அதை நாளைக்குக் கிலோக் கணக்கில் போடுவதாக இருந்தேன்! சாக்கில் கட்டி வாசலில் வைத்தாகிவிட்டது. இப்போதுதான் உள்ளே இழுத்து வந்தேன்.

லேத்து அண்ணா, இரண்டு விரல் போகிற ஓட்டையை அடைக்க முடியுமா? உடைந்த துண்டுகளில் பெரியது ஒன்று கேஸுக்குள்ளேயே கிடந்தது. கிளறினதில் இன்னும் இரண்டு சின்னது கிடைத்தது. நம்பர் இருக்கும் இடம் நன்றாக இருக்கிறது.

பொங்கல் பற்றி அம்மாவிடம் பேசிவிட்டேன். "அடுத்த பொங்கலும் வரும்ல" என்கிறார்.

ஒண்டிப்புதூர் லேத்து:

துண்டு இருக்கிறதென்றால் பாதி வேலை முடிந்தது. அலுமினியம், ஆர்கன் வெல்டிங்கில் சேரும். நாற்பது வருஷம் ஆயில் குடித்த வார்ப்பு, அதனால் முதலில் டீசலில் ஊறவைத்து, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, அடுப்பில் சூடேற்றி, உள்ளே இருக்கும் ஆயிலைக் கக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் வெல்டில் புழு அரித்த மாதிரி ஓட்டை விழும். சேர்த்தபின் இரண்டு பாதியையும் போல்ட் போட்டு மூடி, பேரிங் உட்காரும் இடத்தை ஒரே பிடியில் போரிங் பார்க்க வேண்டும். வெல்டிங் சூட்டில் அது நிச்சயம் கோணியிருக்கும். அதைப் பார்க்காமல் கிராங்கை ஏற்றினால் அண்ணன் செய்ததை நீ திரும்பச் செய்வாய்.

கரிஸ்மா தொட்டில் வேலை பக்கத்தில் நடக்கட்டும். போல்ட் போட்ட தொட்டில் என்று ஏன் சொன்னேன் என்று இப்போது புரியும். ட்ராக்குக்கு ஒரு இன்ஜின், ரோட்டுக்கு ஒரு இன்ஜின், ஃப்ரேம் ஒன்றே. ரோட்டில் இறங்கும்போது அப்பாவின் இன்ஜின்தான் உள்ளே இருக்க வேண்டும், அதை மறந்துவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை கேஸின் இரண்டு பாதி, எல்லாத் துண்டுகள், கரிஸ்மா இன்ஜின், அந்தப் பலகை எல்லாவற்றையும் கொண்டு வா. அரிசி டப்பா வேண்டாம். பத்து மணிக்கு முன்னால் வராதே, கறிக்கடையில் நிற்பேன்.

ஃபுல்த்ராட்டில்:

அண்ணா, நானும் வரலாமா? சும்மா பார்க்கத்தான்.

ஒண்டிப்புதூர் லேத்து:

வா. பழைய துணி போட்டுக்கொண்டு வா, டீசலில் கழுவ ஆள் வேண்டும்.